கோவிந்தம்மாள் கிணறு

— மெஷினை நிறுத்தச் சொல்லு மோசஸ். இந்தச் சத்தத்துல மனுஷன் பேச முடியுமா?

— நிறுத்த முடியாது ஹமீத் பாய். பத்திரிகை இன்னிக்கே தபால்ல சேரணும். உங்க சமாச்சாரம் இருக்கற பக்கம் இன்னும் ஏறல. உக்காருங்க.

— உக்காரவா ஆம்பூர்லேர்ந்து வேலூருக்கு ஓடி வர்றேன்? என் தோல் டேனரித் தண்ணி கோவிந்தம்மா கெணத்தக் கெடுத்துடுச்சுன்னு எழுதி, என் பேரை முழுசாப் போட்டு, ப்ரூஃபை எனக்கே அனுப்பற!

— உங்க பதிலையும் சேத்துப் போடலாம்னுதான் அனுப்பினேன்.

— என்னா பேஜார்ப்பா இது! என் ஒருத்தன் டேனரிலேர்ந்துதான் தண்ணி போவுதா?

— அந்தக் கெணத்துக்கு உங்களுதுலேர்ந்துதான் போவுது.

— பத்து வருஷமா நீ இன்னா எழுதின? சர்க்காரு தொழில்ல கை வைக்கக் கூடாது, லைசென்ஸ் வேணாம், கோட்டா வேணாம். ‘இவன் நம்ம ஆளு’ன்னு மெஷின் வாங்கிக் குடுத்தேன். இப்ப நீயே என் மேல பாயற.

— சர்க்காரு உங்க டேனரிக்குள்ள வரக் கூடாதுன்னு எழுதினேன். இன்னிக்கும் எழுதுவேன். நீங்க அந்தம்மா கெணத்துக்குள்ள போலாம்னு எப்ப எழுதினேன்?

— வார்த்தையில வித்தை காட்டாத.

— வித்தை இல்ல பாய். டேனரி உங்க சொத்துன்னா கெணறு அந்தம்மா சொத்து. பயிரு கருகி, இப்ப அந்தம்மா அடுத்தவங்க நெலத்துல களை எடுக்குது. கோர்ட்டுல நஷ்டஈடு கேக்கட்டும்னுதான் எழுதியிருக்கேன். மந்திரியவா கூப்ட்டேன்?

— எமர்ஜென்சில உன் வாய அடைக்கச் சொல்லி ஆபீசர் என்னை மெரட்டினான். ‘மெஷின்தான் என்னுது, எழுத்து அவனுது’ன்னேன். அதுக்கு என் சரக்கை ஹார்பர்லயே கெடக்க வுட்டாங்க. உன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னேனா?

— இல்ல பாய். அத நான் மறக்கல.

— மறக்காதவன் செய்யற வேலையா இது?

— எமர்ஜென்சில அவங்களுக்காக நான் ஒரு வரி வெட்டல. உங்களுக்காகவும் வெட்ட மாட்டேன். வேணும்னா மெஷினை எடுத்துட்டுப் போயிடுங்க.

— சும்மா மெஷின் மெஷின்னு! வெட்டச் சொன்னது யாரு? ப்ரூஃபை எடு. மூணாவது பாரா. படி.

— ‘இந்தக் கழிவுநீர் கிணற்றில் இறங்குவது உரிமையாளர் அப்துல் ஹமீதுக்கு இன்றுவரை தெரியாது.’

— அந்த வரிக்குத்தான்யா நான் வந்தேன். தெரியும்னு மாத்து.

— வேணாம் பாய். கேஸ் வந்தா அது உங்க கழுத்துலதான் வந்து நிக்கும். தெரியாதுன்னே இருக்கட்டும்.

— எப்பிடிய்யா தெரியாம இருக்கும்? போன வருஷம் அந்தம்மாவ, கையில ஒரு சொம்பு செவப்புத் தண்ணியோட, என் ஆபீசுக்குக் கூட்டிட்டு வந்ததே நீதானே மோசஸ்!