சன்னாசி வாத்தியார் ஏறிய மரம்

ஒருவரை வாத்தியாராக அமர்த்துவதற்கு முன், அவர் அதற்கு முந்தி என்ன தொழில் செய்தார் என்று விசாரிப்பது நல்ல வழக்கம். பள்ளிக்கூடத்து வாத்தியாருக்குச் சர்ட்டிபிகேட் இருக்கிறது. நாடகமும் ஆட்டமும் சொல்லிக்கொடுக்க வருகிறவருக்கு அப்படி ஒன்றும் கிடையாது. அவர் வாயால் சொல்வதுதான். அதை நம்புவதா வேண்டாமா என்று பார்ப்பது காரியதரிசியின் வேலை. ஈப்போ நகரத்தில் எங்கள் தமிழ்ச் சபைக்கு நான்தான் காரியதரிசி. பகலில் ரயில்வே சரக்கு ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா உத்தியோகம்.

இன்ஸ்பெக்டர் ஐயா, தோட்டத்துக்கு வந்து விசாரணை செய்தவர் நீங்கள் என்பதால் உங்களுக்கே எழுதுகிறேன். அன்று நீங்கள் மரத்தை ஆட்டிப் பார்த்தீர்கள். முளைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தீர்கள். செத்தவர் கள் குடித்திருந்தாரா என்று கங்காணியைக் கேட்டீர்கள். கால் தவறி விழுந்த மரணம் என்று எழுதிக்கொண்டு பத்து காஜா போலீஸ் ஸ்டேஷனுக்குத் திரும்பினீர்கள். வேலையைச் சரியாகவே செய்தீர்கள். மரத்தில் குறை ஒன்றும் இல்லை. என்னை மட்டும் நீங்கள் எதுவும் கேட்கவில்லை.

நான் தைப்பிங்கில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். நடந்ததை நடந்த வரிசையில் எழுதினால் படிக்கிறவருக்குச் சிரமம் இராது என்று அங்கே பழக்கினார்கள். அப்படியே எழுதுகிறேன்.

சபை தொடங்கிய நாள் முதல் நாடக வகுப்பை நானே நடத்தி வந்தேன். அச்சுப் புத்தகத்தைப் பார்த்து வசனத்தைச் சொல்வேன், பையன்கள் திருப்பிச் சொல்வார்கள். கையை எப்போது தூக்குவது, எப்போது திரும்புவது என்பதெல்லாம் புத்தகத்தில் இருக்காது. வருகிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். சபைத் தலைவர் ஸ்கந்தராஜா ஒருநாள் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "தம்பி, உமக்குத் தமிழ் நல்லா வரும். ஆனா இது கணக்குப் பாடம் மாதிரியெல்லோ கிடக்கு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தொழில் தெரிந்த ஒருவரைத் தேடுவதென்று முடிவாயிற்று. தேடும் பொறுப்பும் என்னிடமே வந்தது.

முதலில் வந்தவர், நாடகக் கம்பெனி கலைந்தபோது பினாங்கிலேயே தங்கிவிட்ட ஆர்மோனியக்காரர். ராஜபார்ட்டுக்கே பாட்டுச் சொல்லிக்கொடுத்தது தான்தான் என்றார். ஆர்மோனியம் எங்கே என்று கேட்டேன். அது பினாங்கில் ஒரு சாராயக்கடையில் இருந்தது. அடுத்தவர் கோயில் சதிருக்குத் தாளம் போட்ட குடும்பம். வித்தை உண்டு. ரயில்வே கூலிகள் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகள் வரிசையாக நின்றதைப் பார்த்து, "இதுகளுக்கா?" என்று கேட்டுவிட்டு அடுத்த ரயிலில் போய்விட்டார்.

சன்னாசியை நானே கண்டுபிடித்தேன். பத்து காஜா சாலையில் ஒரு ரப்பர் தோட்டத்துக்குச் சரக்கு விஷயமாகப் போயிருந்தேன். பால் நிறுத்து முடிந்த நேரம். லயத்துக்கு முன்னால், பால்கறை படிந்த சட்டையோடு ஒரு ஆள் பிள்ளைகளை நிறுத்தி அடவு போட வைத்துக்கொண்டிருந்தார்.

"டேய், நீ பீமன்டா. பீமன் இப்படிப் பூனையாட்டமா நடப்பான்? ஒங்கப்பன் சம்பளத்தன்னைக்கி எப்படி வீட்டுக்கு வாரான், அப்படி நட."

அந்தப் பொடியன் அப்படியே நடந்தான். லயமே சிரித்தது. ஆனால் ஐயா, அந்த நடையில் பீமன் வந்துவிட்டான். அதை நான் கண்ணால் பார்த்தேன்.

சபைக்கு அவரை அழைத்துப்போனபோது ஸ்கந்தராஜா கேட்டார்: "உவர் முந்தி என்ன செய்தவர்?"

சன்னாசி வாயைத் திறக்குமுன் நான் பதில் சொன்னேன். "அர்ச்சுனன் வேஷம். செய்யாற்றுப் பக்கம் பல ஊரில் தபசு மரம் ஏறினவர்."

உங்களுக்கு இது பழக்கமில்லாமல் இருக்கலாம். பாரதக் கூத்தில் அர்ச்சுனன் சிவனிடம் அம்பு பெறத் தவத்துக்குப் போகிற கட்டத்துக்குப் பனை உயரம் ஒரு மரத்தை நட்டு, முளை அடித்து, உச்சியில் பலகை வைப்பார்கள். வேஷக்காரர் விரதமிருந்து கையில் காப்புக் கட்டி, பாடிக்கொண்டே ஏறுவார். மேலேயிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் போடுவார். பிள்ளை வேண்டுகிற பெண்கள் ஈரச் சேலையோடு மரத்தடியில் உட்கார்ந்து முந்தானையில் ஏந்துவார்கள். கூத்தில் அதற்கு மேல் ஒரு வேஷம் கிடையாது.

சன்னாசி ஏறினவர் அல்லர். வேஷக்காரர்களுக்குக் கிரீடமும் புஜகட்டையும் கட்டிவிட்டு, பின்னால் நின்று பின்பாட்டுப் பாடினவர். பின்பாட்டுக்காரரை வாத்தியாராக வையுங்கள் என்றால் சபை சம்மதிக்காது. நல்ல எண்ணத்தில்தான் அப்படிச் சொன்னேன். பொய் என்னுடையது என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

வெளியே வந்ததும் அவர் என் கையைப் பிடித்தார்.

"கிராணி ஐயா, ஏன் அப்படிச் சொல்லிப்புட்டீங்க? ஏறுனவரு எங்க அண்ணங்க. நான் கீழ பின்பாட்டு. ஒருநா அவரு மேல நின்னு பாடுறாரு, எனக்குச் சந்தோசம் தாங்கல. 'அண்ணே'ன்னு கூப்பிட்டுட்டேன்."

"அதனால் என்ன?"

"காப்புக் கட்டி மேல போனவன ஊருப் பேரு, ஒறவு மொற சொல்லிக் கூப்பிடக் கூடாதுங்க. கூப்பிட்டா அவன் அர்ச்சுனனா இருக்கறது போயி, மரத்து மேல நிக்கிற மனுசனா ஆயிருவான். அண்ணன் குனிஞ்சு என்னையப் பாத்தாரு. அவ்வளவுதான்."

அந்தக் கூத்துக்குப் பிறகுதான் சன்னாசி கப்பல் ஏறியிருக்கிறார். இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை என்றார். நானும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தேன். இந்தக் கடிதம்வரை அதைக் காப்பாற்றியிருக்கிறேன்.

வகுப்பு நிறைந்தது. ஜன்னலுக்கு வெளியே ரிக்ஷா இழுக்கிற சீனர்கள்கூட நின்று பார்த்தார்கள். சனிக்கிழமைகளில் பெண்பிள்ளைகளுக்குக் கும்மியும் கோலாட்டமும் நடந்தன. "இப்பதான் இது வகுப்பு" என்று ஸ்கந்தராஜா எல்லார் முன்னிலும் சொன்னார். பொய்யையும் சன்னாசி நன்றாகவே வளர்த்தார். "மேல போயி நின்னாக்கா, காக்கா முதுகக் காட்டிக்கிட்டுப் பறக்கும்டா" என்று பையன்களிடம் சொல்வார். அது அவருடைய அண்ணன் சொன்னதாக இருக்க வேண்டும். நான் கொடுத்தது ஒரு சின்னப் பொய்தான். அதற்குக் காற்றும் காக்கையும் சேர்த்தது அவர்.

வகுப்பு முடிந்த நாட்களில் என் வீட்டில் சாப்பிடுவார். அவருக்கென்று தனியாக ஒரு தட்டு வைத்திருந்தோம். அது எங்கள் சாதி ஆட்களின் வழக்கம், அவரும் தவறாக நினைத்ததில்லை. எங்கள் மகள் சாரதா காய்ச்சலில் போனபின் என் மனைவி பூமணி தேவைக்கு மேல் பேசுவதில்லை. நான் நல்ல புத்தகங்களாகப் பார்த்து வாசித்துக் காட்டினேன். மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒருநாள் ஆபீசிலிருந்து வந்தபோது குசினியில் பாட்டுச் சத்தம் கேட்டது. சன்னாசியின் கும்மிப் பாட்டு. மாவரித்துக்கொண்டே பாடினாள். வாசற்படியில் நின்று முழுவதும் கேட்டேன். திரும்பி என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டாள்.

அதன்பின் ஒருநாள் எங்கள் பித்தளைத் தட்டில் அவருக்குச் சோறு போட்டிருந்தாள்.

பங்குனியில் அந்தத் தோட்டத்துக் கங்காணி சின்னையா சபைக்கு வந்தார். "நம்ம வாத்தியாரு தபசு மரம் ஏறுனவராமே. மாரியம்மன் திருவிழாவுக்கு நடத்திப்புடலாம்லா. நீபோங் பனமரம் நல்லா ஒசரமா வெட்டித் தாரேன்." சபை மகிழ்ந்தது. சன்னாசி என் முகத்தைப் பார்த்தார். நான் கூட்ட நடவடிக்கையை எழுதிக்கொண்டிருந்தேன்.

மாலையில் வீட்டுக்கு வந்தார்.

"ஐயா, நம்மால முடியாதுங்க. தலைவருகிட்ட உள்ளதச் சொல்லிப்புடுறேன்."

"சொல்லும். அவர் வேறு வாத்தியாரைத் தேடச் சொல்வார்."

"மறுபடி பால் வெட்டத்தான் போவணுமா?"

"அது நீர் யோசிக்க வேண்டியது. ஒருமுறை ஏறிவிட்டீரென்றால் நான் சொன்னது பொய்யாக இருக்காது. உமக்கும் மனச்சாட்சி சுத்தம்."

தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். "நீங்க கீழ நிப்பீங்களா?" என்று கேட்டார். நிற்பேன் என்றேன். "யாரும் பேரச் சொல்லிக் கூப்பிடாமப் பாத்துக்குங்கய்யா. மத்தத நான் பாத்துக்கறேன்." பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அப்போது என் மனதில் கெட்ட நினைப்பு இருக்கவில்லை என்பதை நீங்கள் நம்ப வேண்டும். பாதி மரத்தில் பயந்து இறங்கிவிடுவார், தோட்டம் சிரிக்கும், சபை சிரிக்கும், வகுப்புப் பழையபடி நடக்கும் என்று நினைத்தேன். தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லிக்கொடுப்பவருக்கு அவ்வளவு அவமானம் நியாயமானதுதான். அவமானத்தால் யாரும் செத்துப்போவதில்லை.

திருவிழாவன்று மத்தியானம் மரத்தடியில் ஈரச் சேலையோடு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் நடுவில் பூமணியைக் கண்டேன். வருவதாக என்னிடம் சொல்லவில்லை. தோட்டத்துப் பெண்களோடு தோள் உரச, தலையிலிருந்து தண்ணீர் சொட்ட உட்கார்ந்திருந்தாள். கிட்டப்போய், வீட்டுக்குப் போகலாம் என்றேன்.

"இஞ்சை நிக்காதேங்கோ" என்றாள். "ஆம்பிளையள் அங்கால நிக்கவேணும்."

பக்கத்திலிருந்த இருளாயி என்ற பால்வெட்டுக்காரி, "கிராணி ஐயாவும் முந்தி விரிக்க வந்திருக்காருடி, கொஞ்சம் எடம் விடுங்க" என்றாள். பெண்கள் சிரித்தார்கள். பூமணியும் சிரித்தாள். அவள் சிரித்து வெகுகாலமாகியிருந்தது. நான் விலகி, பின்பாட்டுக்காரர்கள் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

சன்னாசி காவி கட்டி, ஜடை வைத்து வந்தார். மரத்தைத் தொட்டுக் கும்பிட்டார். முதல் முளையில் கால் வைத்தபோது அந்தக் கால் நடுங்கியது. எனக்கு அது தெளிவாகத் தெரிந்தது. பாட ஆரம்பித்தார். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு முளை. பாதி மரத்தில் நின்றார். இதோ இறங்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த பாட்டை எடுத்தார். அதற்கு மேல் கால் நடுங்கவில்லை, ஐயா.

உச்சிப் பலகையில் நின்று அவர் பாடியதைப் பற்றி எழுத எனக்குத் திறமை போதாது. ரப்பர் மரங்களுக்கு மேலாக அந்தக் குரல் போயிற்று. கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். ஸ்கந்தராஜா அழுதார். பூமணி முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை என் வீட்டில் நான் கண்டதில்லை.

மேளம் நின்றது. பழம் போடுகிற நேரம். மடியிலிருந்து எலுமிச்சம்பழங்களைக் கையில் எடுத்தார்.

நான் "சன்னாசி" என்றேன்.

கத்தவில்லை. ஆபீசில் பியூனைக் கூப்பிடுகிற அளவுக்குத்தான். அந்த அமைதியில் அது போதுமாக இருந்தது. குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் பயம் இருக்கவில்லை. பாசார்க் கடைத்தெருவில் தெரிந்தவர் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்போமே, அப்படித்தான் பார்த்தார். பிறகு தன் காலையும் தரையையும் பார்த்தார். பழங்கள் முதலில் விழுந்தன.

கூட்டத்தில் யாரோ பெயரைச் சொன்னதாகச் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். ஆயிரம் பேர் கூடின இடத்தில் யார் குரல் என்று யாருக்குத் தெரியும். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் பூமணி கேட்டாள்.

"ஏன் கூப்பிட்டனீங்கள்?"

நான் இல்லை என்றேன்.

"உங்கட குரல் எனக்குத் தெரியாதே?"

அவர் கால் நடுங்கினதைக் கண்டேன், இறங்கி வரச் சொல்லத்தான் கூப்பிட்டேன் என்றேன். "அவருக்குக் கால் நடுங்கேல்லை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதன்பின் என்னோடு பேசவில்லை.

பல நாள் யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. காப்பாற்றக் கூப்பிட்டேன் என்பதை ஒரு வாரம்வரை நானும் நம்பினேன். விழுவார் என்று தெரிந்தேதான் கூப்பிட்டேன். கூப்பிட்டால் என்ன நடக்கும் என்று எனக்குச் சொல்லித் தந்ததும் அவரே. பயந்து இறங்கியிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். அன்று அவர் நல்லபடியாக இறங்கி வந்திருந்தால் அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு குறையும் மிஞ்சியிருக்காது. ஒரு மனிதரைப் பற்றி ஒரு குறையாவது தெரிந்திராமல் அவரோடு ஒரே ஊரில் இருப்பது சுலபமில்லை. அவர் என்னிடம் ஒரு பொய்கூடச் சொன்னவரில்லை.

சபை வகுப்பை மறுபடியும் என்னிடமே ஒப்படைத்திருக்கிறது. பையன்கள் வந்து உட்கார்கிறார்கள், நான் புத்தகத்தைத் திறக்கிறேன். நடக்கச் சொன்னால் அவர் சொல்லிக்கொடுத்தபடியே நடக்கிறார்கள். அது சரியா தவறா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

உங்களுக்கு எல்லாவற்றையும் எழுதப்போகிறேன் என்று நேற்றுப் பூமணியிடம் சொன்னேன். அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். நீண்ட நாட்களுக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"எழுதிப்போட்டு நீங்களே கொண்டுபோய்க் குடுக்கிறியளோ, இல்லாட்டி நான் கொண்டுபோகட்டோ?"

நானே கொண்டுபோகிறேன் என்றேன். இன்று விடியற்காலையிலிருந்து மழை விடவில்லை. இதை நான் எழுதி முடிக்கும்வரை அவள் உட்காரவே இல்லை. குடையைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகிலேயே நிற்கிறாள். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் நான் நனைந்துவிடக் கூடாதே என்ற கரிசனம்தான்.