பெரட்டில் விடுபட்ட பெயர்

மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் சங்கக் கிளைத் தலைவர் ஏசுரத்தினம் அண்ணாச்சி அவர்களே, முன்வரிசையில் அழுது ஓய்ந்திருக்கும், நம் கற்பகம் அக்காவின் மகள் சிவசங்கரியே, சாந்தன்பாறை ஏலத்தோட்டங்களிலிருந்து திரண்டு வந்திருக்கும் தோழர்களே, தாய்மார்களே! மணிகண்டனாகிய என் வணக்கம். அக்கா இருந்திருந்தால், "பேச்சச் சீக்கிரம் முடிலே, சனத்துக்கு ஜீப்பு போயிரும்" என்று இந்நேரம் அதட்டியிருப்பார்.

சங்கத்தின் மகளிர் அணிச் செயலாளர், தோட்டத்து சூப்பர்வைசர், தோழர் கற்பகம்! புற்றுநோய் கொண்டுபோன அவரை இன்று மதியம்தான் மண்ணில் வைத்துவிட்டு வந்திருக்கிறோம். எத்தனை பதவியைச் சொன்னாலும் எனக்கு அவர் அக்காதான்.

நம் தோட்டத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். காலையில் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்ட பிறகுதான் வேலைக்கு இறங்குவோம். நம்மில் ஒருவர் இறந்தால், மறுநாள் அவர் பேரையும் கடைசியாக ஒரு தடவை கூப்பிடுவார்கள். நிற்கிற அத்தனை பேரும் அவருக்காக "ஆஜர்" என்போம்.

அந்த மரியாதை எல்லோருக்கும் கிடைத்ததா? தற்கொலையில் இறந்தவர்களுக்குக் கிடைத்ததா? இல்லை! அக்காவின் அப்பா பெரியமுத்து அப்படி இறந்தபோது அக்காவுக்குப் பதினாறு வயது. மறுநாள் பெரட்டில் போய் நின்றார். அன்றைய கங்காணி அந்தப் பேரைத் தாண்டி அடுத்த பேருக்குப் போய்விட்டார். சொல்லக்கூடாத பேராம்! அதன்பிறகு அக்காவிடம் அவர் அப்பாவைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

பல வருடம் கழித்து அக்காவே சூப்பர்வைசராகி, பேர் கூப்பிடும் இடத்துக்கு வந்தார். அப்போதுதான் என் அம்மா சாந்தம்மாளும் அப்படி இறந்துபோனாள். வெட்கத்தில் நான் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். அக்கா நேராக எங்கள் லயத்து வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்தார்.

"உங்கம்மா களவாண்டாளா, யாரையும் கெடுத்தாளா? மனசுக்குச் சொகமில்லாம செத்துப்போனா. நீ எதுக்குலே தலையக் குனியுத?"

களத்துக்கு இழுத்துப் போய், "சாந்தம்மாள்!" என்று கூப்பிட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். பதில் வராமல் ஒருவரையும் வேலைக்கு விடுவதாக இல்லை. கடைசியில் எங்கோ ஒருத்தி "ஆஜர்" என்றாள். பிறகு களமே சொன்னது. அம்மா போனபின் நான் அழுதது அப்போதுதான்.

அதோடு தீர்ந்ததா? எங்கே தீர்ந்தது! அன்று காலை எனக்குப் பிடித்த புளிக்குழம்பு வைத்து, தூக்குவாளியில் கட்டிக் கொடுத்து அனுப்பினாளே, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இன்றைக்கும் அவள்மேல் கோபம் வருகிறது. கோபம் வந்ததற்காக அழுகையும் வருகிறது. அக்காவிடம் கேட்டேன், இது எப்போது தீரும் என்று.

"தீராதுலே. எனக்கே தீரல. அது பாட்டுக்கு இருக்கும், நீ பாட்டுக்கு வேலைக்குப் போ. ரொம்ப அமுத்துச்சுன்னா எங்கிட்ட வா."

போனேன். எத்தனை பேர் போனோம்! மனம் விட்டுப்போனவர் யார் என்று தெரிந்தால் போதும், ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். டாக்டர் பார்த்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். இங்கே உயிரோடு உட்கார்ந்திருக்கும் சிலருக்கு நான் சொல்வது புரியும்.

ஆனால் தோழர்களே, அத்தனை பேருக்காகக் குரல் கொடுத்த அக்கா, தன் அப்பா பேரை மட்டும் கூப்பிடவே இல்லை. போன மாதம் ஆஸ்பத்திரியில் காரணம் கேட்டேன்.

"நான் கூப்பிட்டு ஒருத்தரும் பதில் சொல்லலன்னா, எங்கப்பா ரெண்டாந்தரம் செத்துப்போவாருலே" என்றார். ஐயோ! மேனேஜரையே எதிர்த்து நின்ற மனுஷிக்கு இப்படி ஒரு பயமா! இத்தனை காலமும் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டா நமக்கெல்லாம் தைரியம் சொன்னார்?

அக்கா, உங்கள் ஜீப் நிற்காது. மனம் உடைந்த ஒருவரையும் இந்த மலையில் தனியாக விடமாட்டோம். இது இந்தச் சபை முன்னால் நான் செய்யும் சத்தியம்.

நாளைக் காலை பெரட்டில் உங்கள் பேரைக் கூப்பிடுவார்கள். அதற்கு முன்னால் கூப்பிட வேண்டிய பேர் ஒன்று பாக்கி இருக்கிறது. எல்லோரும் எழுந்து நில்லுங்கள். சிவசங்கரி, இது உன் தாத்தா பேரம்மா, நீயும் எழுந்திரு.

பெரியமுத்து!

பத்தாது தோழர்களே. மண்ணுக்குள் இருக்கும் அக்காவுக்குக் கேட்க வேண்டும்.

பெரியமுத்து!