அவள் பக்கத்து இடம்

மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இளையவள் காலி மீன் கூடையைக் காலடியில் வைத்திருந்தாள். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் அவள் போட்ட சத்தத்தில் பாதி பஸ் திரும்பிப் பார்த்தது.

“பேன் வந்தா வரட்டும்க்கா! எம் பொண்ணு அங்கதான் குந்துவா.”

“இன்னாடி பேசுற? அந்தப் பொண்ணு தலையப் பாத்துட்டு கிளாஸ்ல எல்லாப் பசங்களும் தள்ளிப் போயிடுச்சுங்க. உம் பொண்ணு மட்டும் எதுக்கு ஒட்டிக்கினு கீது?”

“நான்தான் குந்தச் சொன்னேன். அதுக்கு அம்மா இல்ல. அப்பங்காரன் விடியறதுக்கு முன்னாடியே கடலுக்குப் பூடுறான். தலைய யாரு வாருவா?”

“டீச்சராண்ட சொல்லி எடம் மாத்திக்கயேன்.”

“டீச்சரே மாத்துறேன்னுதான் சொன்னாங்க. நான் வேணாம்னுட்டேன். எல்லார்கிட்டயும் அன்பா இருன்னு வாய் கிழியச் சொல்லிட்டு, ஒரு பேனுக்குப் பயந்து இழுத்துக்கினு வரவா?”

“மத்த அம்மாங்க வாட்ஸப் குரூப்புல உன்னத்தான் திட்டுறாங்க.”

“திட்டட்டும். ஞாயித்துக்கிழமையானா அந்தப் பொண்ணையும் வூட்டுக்கு இட்டாந்து, ரெண்டு தலையையும் பேன் சீப்பு போட்டு நானே வாருறேன்.”

“அப்போ உனக்கும் ஏறியிருக்குமே?”

“ஏறிச்சு. அதுக்கு இன்னா இப்ப?”

மூத்தவள் மெல்ல ஜன்னல் ஓரமாக ஒதுங்கினாள். இளையவள் அதைக் கவனித்தாள்.

“நீ தள்ளிக் குந்துக்கா, பரவால்ல. எம் பொண்ணு தள்ளிக் குந்த மாட்டா.”