மறுபக்கத்து வாளி

— சாத்தம் ஜெட்டியில எறங்குனதும் அடுத்த போட்லயே பாம்பூஃப்ளாட்டுக்குத் திரும்பிருவோம் புள்ள. கேன்டீன் ஏலமும் வேணாம், ஒண்ணும் வேணாம். சோடோ, விட்டுரு.

— டிக்கெட் எடுக்கும்போது தலையாட்டிட்டு நடுக்கடல்ல வந்து இப்புடிப் பேசுனா எப்புடிங்க?

— காலையில ஸ்கூல்ல அந்த வெளையாட்டு முடிஞ்சதுலேருந்து மனசு சரியில்ல சொர்ணம். கேன்டீன்காரன் திருநாவுக்கரசு கை எப்பேர்ப்பட்ட கைன்னு உனக்குத் தெரியாது. நான் என் காதால கேட்டேன்.

— கையைக் காதால கேட்டீங்களா?

— நடுவுல ஒரு பிளைவுட் தட்டிதானே. இந்தப் பக்கம் நான் எறியுறேன், அந்தப் பக்கம் அவன் எறியுறான். அவன் உள்ள போனதை இந்தக் கண்ணால பார்த்தேன்.

— இங்க பாருங்க, வெவரமா சொல்லுங்க. பொம்பளைங்க வரிசை பின்வாசல்ல. ஒங்க பக்கம் நடந்தது எனக்கு என்ன தெரியும்?

— எல்லாருக்கும் ஒரே வெளையாட்டுத்தானே. மெயின்லேண்ட் காலேஜ் சாருங்க பந்தைக் கொடுத்து எட்டத்துல ஒரு வாளிய வச்சாங்க. வாளிக்குள்ள விழுந்தா பந்துக்கு ஒரு கிலோ அரிசி. போட்டின்னு சொன்னா பந்துக்கு மூணு கிலோ. ஆனா அடுத்த ரூம் ஆளைவிடக் கூடப் போட்டிருக்கணும். இல்லன்னா ஒரு மணி அரிசி கெடையாது. மனுசன் எதை எடுக்குறான்னு பாக்குறதுதான் அவங்க படிப்பாம்.

— நீங்க எதை எடுத்தீங்க?

— மொதல்ல பழகிப் பாக்கச் சொன்னாங்க. "முருகா"ன்னு ஒண்ணு எறிஞ்சேன், வாளியத் தாண்டிப் போச்சு. மறுபடி "முருகா"ன்னு எறிஞ்சேன், செவுத்துல பட்டுச்சு. தட்டிக்கு அந்தாண்ட டங்கு, டங்குன்னு வாளிக்குள்ளயே விழுது. ஒண்ணு தப்பல. அப்பத்தான் சார் வந்து போட்டியான்னு கேக்குறாரு. எனக்கென்ன பாகலா, பைத்தியமா? கெடைக்கிறது போதும் சார்னு சொல்லிட்டேன். இந்தா, உள்ள விழுந்த மூணு பந்துக்குப் பையில இருக்கு மூணு கிலோ.

— ஷெட்டுல இருந்த பழக்கம் இன்னும் ஒங்களை விடல.

— எந்த ஷெட்டு?

— சுனாமி அலை வந்தப்புறம் நம்மள வச்சிருந்தாங்களே, தகர ஷெட்டு. தார்ப்பாய் பெருசா, போர்வை ரெண்டான்னு கேட்டா, எது மொதல்ல கைக்கு வருதோ அதை வாங்கிட்டு ஓடி வருவீங்க. கேள்வி கேட்டா பேரை அடிச்சிருவாங்கன்னு பயம்.

— அந்தப் பயத்துலதான் நாம பட்டினி கெடக்காம இருந்தோம். இன்னைக்கு நீ ஜெட்டி கேன்டீனுக்கு வெல கேக்கப் போற. வருசா வருசம் எதிர்த்துக் கேக்க ஆளே இல்லாம திருநாவுக்கரசு எடுக்குற கட. நீ அவன் கடையில மாவாட்டுறவ. தோத்துட்டு வந்து நின்னா அந்த வேலையும் தரமாட்டான், புள்ள.

— ஜெயிச்சா?

— நீ ஜெயிக்கக்கூடிய கையா அவன் கை? வாளி ஒடையுற மாதிரி விழுந்துச்சுங்குறேன்.

— இங்க பாருங்க, சிலோன்லேருந்து கப்பல்ல ஏத்துனாங்க, ஏறுனோம். கச்சால் தீவுல ரப்பர் மரத்தைக் காட்டி வெட்டுன்னாங்க, வெட்டுனோம். அலை அடிச்சப்புறம் தகரத்தைக் கொடுத்தாங்க, வாங்குனோம். எல்லாம் அவங்களாக் கொடுத்தது. ஜெயிச்சு வாங்குனதுன்னு நம்ம வீட்ல ஒரு டம்ளராவது இருக்கா? எனக்கு ஆசையா இருக்குங்க. தோத்தாலும் பரவால்ல, ஒரு தடவ எதிர்த்து நின்னு பாக்கணும்.

— ஆசைப்படு, வேணாங்கல. அந்த ஆளை எதிர்த்து வேணாம்.

— திருநாவுக்கரசு அண்ணன் அந்த ரூமுக்கு எதுக்கு வந்தாருன்னு நெனைச்சீங்க?

— வெளையாடத்தான்.

— சாருங்களுக்கு டீ கொண்டு வந்தாரு. ஃபிளாஸ்க்கை வச்சாரு, ரெண்டு பந்து விழுறதைப் பார்த்தாரு, மொகம் சுருங்கிப் போச்சு, கெளம்பிட்டாரு.

— உனக்கெப்புடித் தெரியும்? நீ பின்வாசல்ல இல்ல நின்ன?

— பின்வாசல் அந்த ரூமுக்குத்தான் தொறக்குது.

— அச்சா. அப்ப எறிஞ்சது யாரு?

— கச்சால்ல நான் என்ன வேல பார்த்தேன்?

— ரப்பர் பால் வெட்டுன.

— வெட்டுறது காலையில. அப்புறம் செரட்டையில காய்ஞ்சு கெடக்குற பாலை உருட்டி, நடந்துக்கிட்டே முதுகுக் கூடையில எறியணும். திரும்பிப் பாக்க நேரம் கெடையாது. வெளிய விழுந்தா கங்காணி கத்துவாரு. அத்தன வருசம் எறிஞ்ச கைக்கு, கண்ணு முன்னால அசையாம நிக்கிற வாளி எம்மாத்திரம்?

— ஏய். அந்தச் சத்தம்...

— அந்தச் சத்தம் நாந்தான். தட்டிக்கு அந்தாண்ட யாரோ ஒருத்தரு பந்துக்குப் பந்து "முருகா"ன்னு சொன்னாரு. கேட்டுக்கிட்டேதான் எறிஞ்சேன், போட்டின்னும் சொன்னேன்.

— நான்னு தெரிஞ்சுமா போட்டின்னு சொன்ன?

— தெரிஞ்சதாலதான் சொன்னேன். ஜெயிச்ச அரிசி மூட்டை ஸ்கூல் பக்கத்துல ருக்கு வீட்ல இருக்கு. என்னால தூக்க முடியல, திரும்புறப்ப நீங்கதான் தூக்கிட்டு வரணும்.

— அடிப்பாவி. பொண்டாட்டி எறியுற சத்தத்துக்கா நான் பயந்தேன்?

— அரசு அண்ணனும் அதுக்குத்தான் பயந்தாரு. சிரிங்க, பரவால்ல. எல்லாரும் பாக்குறாங்க, பாக்கட்டும்.

— சாத்தம் வந்துருச்சு. கயிறு போடுறான், பார்த்து எறங்கு. நான் வழக்கம்போல ஆபீஸ் வாசல்லயே நிக்கிறேன், நீ ஏலத்தை முடிச்சுட்டு வா.

— வாசல்ல வேணாங்க. உள்ள வந்து என் பக்கத்துல உக்காருங்க. நான் ஒவ்வொரு வெல சொல்றப்பவும் நீங்க "முருகா"ன்னு சத்தமாச் சொல்லணும். அதைக் கேட்டாத்தான் எனக்குக் குறி தப்பாது.