வெள்ளியின் நீலம்

நீங்கள் கொடுத்த படிவத்தின் மூன்றாம் பக்கத்தில், வாக்குமூலத்தை அவரவருக்கு வசதியான மொழியில் எழுதலாம் என்று இருக்கிறது. எனக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும். இருந்தாலும் தமிழில் எழுதுகிறேன். ஆக்லாந்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர்களுக்கு அவ்வளவாக வேலை கிடைப்பதில்லை என்று கேள்விப்பட்டேன். எழுதப் பதினான்கு கோடுகள் விட்டிருக்கிறீர்கள். போதாவிட்டால் தனித்தாள் இணைக்கலாம் என்றும் போட்டிருக்கிறீர்கள். இணைத்திருக்கிறேன்.

பெயர் மனோஜ். வயது இருபத்து மூன்று. சொந்த ஊர் சேலம். வெள்ளிக் கோளின் தரை உண்மையில் என்ன நிறம் என்று கண்டுபிடிக்கும் ஆய்வுக் குழுவில் முதுகலை மாணவன். விசாரிக்க வந்திருக்கும் நீங்கள் மூன்று பேர். ஒருவர் சட்டம், ஒருவர் நூலகம், ஒருவர் மாணவர் விடுதி. அதனால் வேலையைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

வெள்ளியில் இறங்கிய கலங்கள் அனுப்பிய படங்களில் தரை ஆரஞ்சாகத் தெரியும். அது தரையின் நிறம் அல்ல. மேலே அவ்வளவு கனமான காற்றும் மேகமும் கிடப்பதால் நீல ஒளி கீழே வந்து சேர்வதில்லை. ஜவுளிக்கடை விளக்கில் தேர்ந்தெடுத்த புடவையை அம்மாக்கள் வாசலுக்கு எடுத்து வந்து பார்ப்பார்களே, அதற்கு அங்கே வழியில்லை. ஆகவே அங்கே இருக்கக்கூடிய வகை எரிமலைக் கல்லை இங்கே எடுத்து, அங்குள்ள சூட்டுக்கு, அதாவது நானூற்று அறுபது டிகிரிக்குக் காய்ச்சி, வெள்ளை விளக்கின் கீழ் வைத்து, எந்த நிற ஒளியை எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்று அளக்கிறோம். வளாகத்துக்குள் உலை வைக்க அனுமதி கிடைக்கவில்லை. அதனால் மவுண்ட் வெல்லிங்டனில், கார்க் கண்ணாடி மாற்றும் கடைக்கும் மெத்தைக் கிடங்குக்கும் நடுவே ஒரு கூடம்.

கல்லை அளப்பதற்கு முன்னால் ஒரு வேலை உண்டு. உள்ளங்கை அளவில் வட்டமான வெள்ளை வில்லை ஒன்று இருக்கிறது. டைல் என்போம். முதலில் அதை அளக்க வேண்டும். இதுதான் வெள்ளை என்று கருவி தெரிந்துகொள்ளும். பிறகு கல்லை அந்த வெள்ளையோடு ஒப்பிட்டு நிறத்தைச் சொல்லும். டைலே கொஞ்சம் சிவந்துபோனால் கருவிக்கு அது தெரியாது. வெள்ளை என்றால் என்ன என்று அது கேட்பதே டைலிடம்தான். சிவப்பை வெள்ளை என்று நம்பிவிட்டால், சாம்பல் நிறக் கல் நீலமாகத் தெரியும். கருவியைக் குறை சொல்ல முடியாது. யாரையும் சந்தேகப்படத் தெரியாத கருவி.

மகேசன் அண்ணாவும் அப்படித்தான்.

அவர் எங்கள் கூடத்தின் டெக்னீஷியன். மானிப்பாய்க்காரர், நாற்பத்தாறு வயது. உலையை அவரைத் தவிர யாரும் ஒழுங்காக மூட முடியாது. அவருடைய விசா அந்த வேலையோடு ஒட்டியது. வருகிற பிப்ரவரி வரை அதே வேலையில் இருந்தால் நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கலாம், மனைவி ரதிதேவியையும் மகள் பிரணவியையும் அழைத்துக்கொள்ளலாம் என்பது அவருடைய திட்டம். இங்கே கிளென்ஃபீல்டில் மகளுக்குப் பள்ளிக்கூடம்கூடப் பார்த்து வைத்திருந்தார். சேர்வதற்கு இரண்டு வருடம் முன்பே வாசலில் நின்று படம் எடுத்து அனுப்பியிருந்தார்.

அவர் வந்த புதிதில், இங்கே என்னதான் செய்கிறோம் என்று கேட்டார். சொன்னேன்.

"சுக்கிரன் என்ன நிறமெண்டோ? அது வெள்ளைதானே தம்பி. கோயில்ல அவருக்கு வெள்ளைப் பட்டுத்தான் சாத்திறது. எங்கட ஆக்கள் எப்பவோ முடிவெடுத்திட்டினம்."

"அப்ப இங்க நமக்கு என்னண்ணா வேலை?"

"அதை ஏன் கெடுப்பான்? ஆறுதலா ஆராயட்டும்."

சென்ற அக்டோபரில் ஆயுத பூசை அன்று அவர் காலையிலிருந்து விரதம். உலை, கருவி, திருப்புளி, காபி இயந்திரம் எல்லாவற்றையும் ஒரு துணியால் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்தார். சூடம் காட்டினால் கூரையில் இருக்கும் புகை மணி அலறும் என்பதால் பேட்டரி விளக்கு. டைல் பெட்டிக்கும் ஒரு பொட்டு. அதன் பிறகு எல்லோருக்கும் அவலும் கடலையும் கொடுத்தார். வெள்ளைக்காரப் பையன்கள் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்கள். ஒருவன் படம் எடுத்தான். அந்தப் படம் உங்களிடம் இருக்கிறது. ஓரத்தில் கடலையோடு நிற்பது நான்தான்.

நவம்பரிலிருந்து கல் நீலமாக வரத் தொடங்கியது.

எங்கள் குழுத் தலைவி டாக்டர் சுரேகா. பினாங்கில் பிறந்தவர், கவனமானவர். அவர் முதலில் நம்பவில்லை. ஒன்பது முறை திரும்ப அளந்தார். ஒன்பது முறையும் நீலம். ஒன்பது முறையும் அதே டைல். ஏப்ரலில் கட்டுரை வெளிவந்தது. வானொலியில் பேசினார். ஜூன் மாதம் வேறு இரண்டு நாடுகளிலிருந்து கடிதம் வந்தது. அவர்களும் அதே கல்லை அதே சூட்டில் அளந்து பார்த்தார்களாம். சாம்பல்தானாம்.

ஜூலையில் சுரேகா மேம் முத்திரையோடு இருந்த புது டைலை எடுத்து, பழையதன் பக்கத்தில் வைத்தார். பழையது தனியாக இருக்கும்போது வெள்ளை. புதியதன் அருகில், யாரோ ஏதோ சொல்லி வெட்கப்பட்டது மாதிரி இருந்தது. நுண்ணோக்கியில் சிவப்புத் துகள்கள். சோதனைக்கு அனுப்பினார்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் என்று பதில் வந்தது. அவர் தாளைப் பார்த்துக்கொண்டே, "குங்குமம்" என்றார். கூடத்தில் மொத்தம் ஏழு பேர். அந்தச் சொல்லின் பொருள் மூன்று பேருக்குத்தான் தெரியும். மற்ற நால்வருக்கும் எழுத்துக் கூட்டிச் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த மாதம் கூடம் பார்க்கச் சுவாரசியமாக இருந்தது. எல்லோரும் இழுப்பறைகளைப் பூட்டினார்கள். அவரவர் கோப்பையை அவரவர் வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். இரண்டு பேர் தனியாகப் பேசினால் மூன்றாமவர் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். வாசலில் உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் எழுத ஒரு நோட்டு வந்தது. மறுநாள் அந்த நோட்டைக் கண்காணிக்க ஒரு கேமரா வந்தது.

சுரேகா மேம் என்னையும் கூப்பிட்டார்.

"நேரா கேக்குறேன் மனோஜ். நீயா?"

"நான் ஏன் மேம் செய்யணும்?"

"அதான் எனக்கும் புரியல லா. அப்ப யாரு?"

"வருஷத்துக்கு ஒரு தடவை பூசை நடக்கும், மேம். நீங்களும் கடலை சாப்பிட்டீங்க."

இதில் பொய் எதுவும் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளவும். என் முதல் பதில் ஒரு கேள்வி. அடுத்த பதிலில் இருப்பவை இரண்டும் நடந்த விஷயங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பழைய டைலைப் புதியதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி. அந்த வேலை என்னுடையது. ஜனவரியில் ஒப்பிட்டேன். வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. முத்திரையைத் திரும்ப ஒட்டி வைத்தேன். படிவத்தில் 'ஒப்பிட்டாயிற்றா' என்று ஒரு கட்டம் இருந்தது. ஆயிற்று என்று குறியிட்டேன். என்ன தெரிந்தது என்று படிவம் கேட்கவில்லை. ஏப்ரலிலும் கேட்கவில்லை.

நேற்று நீங்கள் மேசையில் ஒரு தாளை வைத்தீர்கள். மாணவர் பத்திரிகையில் நான் எழுதும் நையாண்டிப் பக்கம். சென்ற வருடம் செப்டம்பர் இதழ். 'வெள்ளி நீலமாம்: நிபுணர்கள் வருத்தம்' என்பது தலைப்பு. கல் நீலமாக வந்தது நவம்பரில், செய்தி வந்தது செப்டம்பரில் என்பது உங்கள் ஐயம். நூலகத்திலிருந்து வந்தவர்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும். பழைய இதழ்களை வேறு யாரும் புரட்டுவதில்லை.

அது நல்ல கட்டுரை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். யாரும் சிரிக்கவில்லை. மகேசன் அண்ணாவுக்கு மட்டும் தமிழில் சொல்லிக் காட்டினேன். அவர் உலையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "உங்களுக்கு வாயில சனி தம்பி" என்றார். சுரேகா மேம் மதியம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அதைப் படித்தார். "சிரிப்பாதான் இருக்கு. ஆனா நீலம் வராது லா. எழுதுறதுக்கு முன்னாடி என்னைக் கேட்டிருக்கலாம்ல?" என்றார். ஐந்து பேர் முன்னால். எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. தகவல் பிழை இருக்கிறது என்று சொன்னார், ஏற்றுக்கொண்டேன். அக்டோபரில் சரிசெய்தேன்.

பூசை முடிந்து எல்லோரும் முன்பக்கம் அவல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு கோப்பைத் தண்ணீரில் நகக்கண் அளவு குங்குமம். அதில் ஒரு பஞ்சை நனைத்து, பிழிந்து, டைலின் மேல் ஒரே சீராக இரண்டு தரம். அரை மணி நேரத்தில் காய்ந்தது. இதற்கு மேல் அதில் தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை.

மகேசன் அண்ணாவின் விஷயத்துக்கு வருகிறேன். அவர் ஜூலையில் ஒரு மதியம், வெளியே கண்ணாடிக் கடை பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை.

"தம்பி, நான் டைலைத் தொடேல்ல. பெட்டியின்ர மூடியிலதான் பொட்டு வைச்சனான். உள்ளுக்க இருக்கிறவருக்கு வேண்டாம், அவர் ஏற்கனவே சுத்தம் எண்டு உங்களுக்குச் சொன்னனானெல்லோ?"

"ஆமாண்ணா, சொன்னீங்க."

"அப்ப நீங்க பார்த்தனீங்கள்தானே?"

"நான் பாக்குறப்ப மூடிலதான் வச்சீங்க. அதுக்கு முன்னாடி நான் அங்க இல்லையே."

"அதுக்கு முன்னால ஒண்டும் நடக்கேல்ல."

"சரிண்ணா. நீங்க அன்னிக்கு விரதம் வேற. கை நடுங்கிட்டு இருந்துச்சு."

அவர் தன் கையைப் பார்த்தார். "நடுங்கினதோ?"

"கொஞ்சம்."

நடுங்கியது உண்மை. உலைக் கதவைத் தூக்கிய பிறகு யாருக்கும் நடுங்கும்.

நான்கு நாள் கழித்து மறுபடி வந்தார். சரியாகத் தூங்கவில்லை போலிருந்தது. "தம்பி, எல்லாத்தையும் துடைச்ச துணியாலதான் டைல் பெட்டியையும் துடைச்சனான். அந்தத் துணியில குங்குமம் பட்டிருக்குமோ? பெட்டி திறந்து கிடந்திருக்குமோ?" என்று கேட்டார். அந்தத் துணியை நான் யோசித்ததே இல்லை. அது அவராகவே கண்டுபிடித்தது. என் யோசனையைவிட மேலானது என்று ஒப்புக்கொள்கிறேன். "இருக்கலாம்ணா" என்றேன். மறுவாரம் அவர் 'மோ'வையெல்லாம் விட்டுவிட்டார். "பெட்டி திறந்துதான் கிடந்தது தம்பி. இப்ப நல்லா நினைவு வருது" என்றார்.

சுரேகா மேமுக்கு அவர் கொடுத்த ஒப்புதல் கடிதத்தை ஆங்கிலத்தில் நான்தான் எழுதிக் கொடுத்தேன். அவர் கேட்டுக்கொண்டார். 'என்னால் நேர்ந்திருக்கலாம்' என்றுதான் அவர் சொன்னார். 'என்னால் நேர்ந்தது' என்று மாற்றினேன். எழுத்தில் தயக்கம் இருந்தால் படிக்க நன்றாக இருக்காது. நான் படித்துக் காட்டினேன். "ஓம், அதுதான் சரி. என்ர பிழைக்கு மற்றப் பிள்ளையள் சந்தேகப்படக் கூடாது" என்று கையெழுத்துப் போட்டார். யாரும் அவரைத் திட்டவில்லை. சுரேகா மேம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வேலை ஒப்பந்தத்தை மட்டும் முடித்துக்கொண்டார்கள். வேலையோடு விசா போனது. ஆகஸ்டில் விமான நிலையத்துக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். பிப்ரவரிக்கு ஆறு மாதம் இருந்தது.

நேற்று நான் ஒப்புக்கொண்ட பிறகு உங்களில் சட்டம் படித்தவர் ஒரு கேள்வி கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. மேசையிலேயே சிவப்பு மை இருந்ததே, அதை விட்டுவிட்டு ஏன் குங்குமம் என்று கேட்டார். நல்ல கேள்வி. முழுமையாக இருக்க வேண்டும் என்பதற்காக இங்கே எழுதுகிறேன். மை என்றால் ஏழு பேர் மேலும் சந்தேகம் வந்திருக்கும். ஏழு குடும்பங்கள், ஏழு பேருடைய படிப்பும் வேலையும். குங்குமம் என்றால் ஒருவரோடு முடிந்துவிடும். இதை அக்டோபரிலேயே யோசித்தேன். கோப்பையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது. அவருடைய விசாவையும் யோசித்தேன். மற்றவர்களுக்குச் சிரமம் குறைவாக இருக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணமாக இருந்தது. இதை யாரும் பாராட்டுவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

ஆகவே: டைலைக் கெடுத்தது நான். ஒப்பிட்டபோது தெரிந்ததை மறைத்தது நான். மகேசனுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இந்த வரியை அடிக்கோடிட்டிருக்கிறேன். பதினான்கு கோடுகளுக்குள் முடிக்க வேண்டும் என்றால் இது மட்டும் போதும்.

இதை அவரிடம் சொன்னீர்களா என்று விடுதித் துறையிலிருந்து வந்த அம்மா கேட்டார். இன்னும் இல்லை. அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் மானிப்பாயிலிருந்து கூப்பிடுவார். ரதிதேவி அக்கா அவரோடு அதிகம் கதைப்பதில்லையாம். பிரணவி அந்தப் பள்ளிக்கூடப் படத்தைப் போனிலிருந்து அழித்துவிட்டாளாம். கட்டுரையைத் திரும்பப் பெற்றபோது சுரேகா மேம் மிகவும் கஷ்டப்பட்டாரா என்று ஒவ்வொரு வாரமும் விசாரிப்பார். பிறகு, "உங்கட படிப்பும் என்னாலதான் பிந்தினது. நீங்களாவது என்னை மன்னிச்சிட்டீங்களோ தம்பி?" என்று கேட்பார்.

மன்னித்துவிட்டேன் என்றுதான் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். அதிலும் பொய் இல்லை. நான் உண்மையாகவே அவரை மன்னித்துவிட்டேன்.