பேனலா, எலுமிச்சம்பழமா

டீ நன்றாக இருக்கிறது, பானுமதி மேடம். இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறார்கள். போலீஸ் ஸ்டேஷன் டீ என்றால் வெந்நீர்தான் என்று சொல்லிப் பயமுறுத்தியிருந்தார்கள். நீங்கள் மும்பை பாண்டுப் பக்கத்துத் தமிழ்க்காரராக இருப்பதும் எனக்கு நல்லதாகப் போயிற்று. இன்ஸ்பெக்டர் சாகேப்புக்கு மராத்தியில் நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள். நான் நிதானமாகச் சொல்கிறேன்.

என் பெயர் பிரம்மநாயகம். வீடு தாராவியில், பட்டறை செம்பூரில். இருபத்திரண்டு வருடமாக ஆட்டோக்களுக்கு ஃபைபர் வேலை செய்கிறேன். சொரிமுத்து என் மனைவி பூமாரியின் கூடப்பிறந்த அண்ணன். எனக்கும் மச்சானுக்கும் ஆகாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். போன தீபாவளிக்கு அவருக்குச் சட்டை எடுத்துக் கொடுத்ததே நான்தான்.

முதலில் என் பேனலைப் பற்றி எழுதிக்கொள்ளுங்கள், அதுதான் முக்கியம். ஆட்டோவின் முன்முகம் தகரம். மோதினால் தகரம் வீம்பு பிடித்து நிற்கும், ஓட்டுகிறவனின் நெஞ்சுதான் நசுங்கும். மோதுகிற வேகம் எங்கேயாவது போய்த்தானே ஆகவேண்டும்? அது வண்டியோடு போகட்டும், ஆளுக்குப் போகவேண்டாம் என்று யோசித்தேன். மெல்லிய ஃபைபர் தகடு இரண்டு. நடுவில் காலி கூல்ட்ரிங்க் டின்களை இரண்டு அடுக்காக நெருக்கி ஒட்டியிருப்பேன். தாராவி குடோன்களில் டின்னுக்கா பஞ்சம்? ஒவ்வொரு டின்னின் விளிம்பிலும் ஒரு சின்ன நெளிவு கொடுத்துவிட்டால், மோதும்போது அங்கே ஆரம்பித்து மடிப்பு மடிப்பாக நசுங்கும். நசுங்க நசுங்க வேகம் குறைந்துகொண்டே வரும். எடையும் தகரத்தில் பாதி இல்லை. நாலு வருடம் சோறு தண்ணி மறந்து செய்தது, மேடம்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. புது பாடி வாங்கும்போது ஓங்கி ஒரு குத்து விடுவார்கள். கை வலித்தால் நல்ல சரக்கு. செம்பூர் ஸ்டாண்டில் அந்தக் குத்து விடுகிற உரிமை மச்சானுக்குத்தான். மூன்று ஆட்டோ வைத்திருந்தார், ஸ்டாண்டுக்கே தலைவர். அவர் தலையாட்டினால் அறுபது வண்டிக்காரர்களும் வாங்குவார்கள். என் பேனலைக் கொண்டுபோய் வைத்தேன். குத்தினார். கை மணிக்கட்டுவரை உள்ளே போய்விட்டது.

"என்ன மாப்ள, அப்பளத்தத் தூக்கிட்டு வந்திருக்கிய? எண்ணெயில பொரிக்க மறந்துட்டியளோ?"

"இது அமுங்கணும் மச்சான். அமுங்கத்தான் செஞ்சிருக்கேன்."

"அமுங்குத சாமானுக்கு எவன் துட்டு குடுப்பான்? போங்க மாப்ள, காலி பீலி டைம் வேஸ்ட்."

ஸ்டாண்டே சிரித்தது. அன்றிலிருந்து எனக்கு 'அப்பளம்' என்று பெயர். டீக்கடையில் அப்பளம், கோயில் கொடை வசூலில் அப்பளம். வீட்டில் பூமாரி சாம்பாருக்கு அப்பளம் பொரித்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? நானும் சேர்ந்து சிரித்தேன். உள்ளே பற்றி எரிந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் அதற்கும் பின்னால் நடந்ததற்கும் சம்பந்தம் கிடையாது. அதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு பொருள் நல்லதா என்று தெரிய வேண்டுமானால் சோதித்துப் பார்க்க வேண்டும். பெரிய கம்பெனிக்காரன் பொம்மையை உட்காரவைத்து வண்டியைச் சுவரில் மோதுவான். பொம்மைக்கு நான் எங்கே போவேன்? மச்சான் ஓட்டும் வண்டி ஹெட்லைட் மாற்ற என் பட்டறைக்கு வந்திருந்தது. தகரத்தைக் கழற்றிவிட்டு என் பேனலைப் பொருத்தினேன். அதே கறுப்பு, அதே மஞ்சள், அவருக்கே தெரியவில்லை. பிரேக் ஆயில் குழாயின் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தினேன்; ஆயில் கசிந்துவிட்டால் இறக்கத்தில் பிரேக் பிடிக்காது. ஹேண்ட்பிரேக் அந்த வண்டியில் எனக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்தே வேலை செய்ததில்லை. அது என் குற்றமல்ல.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு சிஎன்ஜி கேஸ் போட, பஸ் டெப்போவுக்குப் பின்னால் உள்ள இறக்கத்தில் அவர் தனியாகப் போவார். சவாரி இருக்காது. அடுத்தவருக்கு ஆபத்து வரக்கூடாது என்பதில் நான் கண்டிப்பானவன். கீழே ஒரு குடோன் சுவர். எதிரே டீ குடித்துக்கொண்டு நின்றேன். கணக்குப்படி முப்பத்தைந்து கிலோமீட்டர் வேகம் இருக்கும். மோதியது. டின்கள் எட்டு அங்குலம் நசுங்கின, உள்ளே நான் போட்டிருந்த அளவுக் கோட்டைத் தாண்டவில்லை. மச்சான் மூக்கில் ஒரு சிராய்ப்போடு இறங்கி, காக்கிச் சட்டையை உதறினார். சந்தோஷத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஓடிப்போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

மச்சான் என்ன செய்தார் தெரியுமா? கண்ணாடிக் கம்பியில் தொங்கிய எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சனிக்கிழமைதோறும் தெருமுனை நாக்காவில் வாங்கிக் கட்டுவார்களே, ஏழு பச்சைமிளகாயோடு, அதைத்தான்.

"பழம் காப்பாத்திட்டு, மாப்ள."

"மச்சான், காப்பாத்துனது என் பேனல். நாந்தான் மாட்டிவிட்டேன். உள்ள பாருங்க, எப்படி நசுங்கிக் கெடக்குன்னு."

குனிந்து பார்த்தார். தப்பித்த சந்தோஷத்தில் கோபம்கூட வரவில்லை அவருக்கு. "ஒம்ம அப்பளம் நொறுங்கிட்டு. பழம் முழுசா நிக்கி. எது கெட்டி, நீங்களே சொல்லுங்க."

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் பழம்தான் என்றார்கள். பிரேக்கைச் சரிபார்த்து, மறுபடியும் தகரமே மாட்டச் சொல்லி வண்டியை என் பட்டறைக்கே தள்ளிவந்தார்.

நியாயமாகப் பார்த்தால் அவர்கள் சொன்னதிலும் அர்த்தம் இருந்தது. ஒரு தடவை நடந்தால் அது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. பேனலும் இருந்தது, எலுமிச்சம்பழமும் இருந்தது. எது காப்பாற்றியது என்று தெரிய, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எடுக்க வேண்டும். படித்தவர் நீங்கள், உங்களுக்குத் தெரியாததா?

அவர் கேட்டபடியே தகரம் மாட்டினேன். அதே நட்டு, அதே அரைச் சுற்று. அடுத்த வியாழக்கிழமை, அதே பத்து மணி. சனிக்கிழமை கட்டிய பழம் வியாழனுக்குள் வாடிவிடும். பின்னால் யாரும் என்னை ஏமாற்றுக்காரன் என்று சொல்லிவிடக்கூடாது. அதனால் தாதர் மார்க்கெட்டுக்குப் போய் நல்ல பழமாகப் பொறுக்கி வாங்கி, காலையில் அவர் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது மிளகாயோடு நானே கட்டினேன்.

தகரம் மூன்று அங்குலம்தான் உள்ளே போனது. எலுமிச்சம்பழத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை. மச்சான் ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டார்.

பூமாரி மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அவளுக்கு இருந்தது ஒரே அண்ணன். நானும் அழுதேன், மேடம், நடிப்பில்லை. ஆனாலும் அழுகைக்கு நடுவில் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். இப்போதாவது ஒருவன் சொல்வான், அந்தப் பேனல் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரே என்று. அறுபது பேர் வந்தார்கள். ஒருவனும் சொல்லவில்லை. மச்சானின் கூட்டாளி பேச்சிராஜா மோவாயில் கைவைத்துக்கொண்டு, "பாவம், பழம் காஞ்சிருக்கும்" என்றான். எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். பூமாரிகூட, "எங்கண்ணனுக்குப் பழம் மாத்திக் கட்ட ஆள் இல்லாமப் போச்சே" என்று ஒப்பாரியில் சேர்த்துக்கொண்டாள்.

அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. "பழம் காயல. காலையில கட்டுன தாதர் பழம்" என்றேன்.

"ஒமக்கு எப்படித் தெரியும்?" என்றான் பேச்சிராஜா.

எழுந்து நேராக இங்கே வந்துவிட்டேன். நட்டை இரண்டு தடவை தளர்த்தியது நான்தான். கையெழுத்துப் போடுகிறேன். பேனலின் அளவுகளை மட்டும் தப்பில்லாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம், கொல்கிற எண்ணம் எனக்கு இருந்ததே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இருந்திருந்தால் முதல் தடவை பேனலை மாட்டியிருப்பேனா? இரண்டாவது தடவையா, மேடம்? இரண்டாவது தடவைதான் எலுமிச்சம்பழம் இருந்ததே.