வானத்துப் புறம்போக்கு

காலைக் கொஞ்சம் நீட்டுங்கள், ஏட்டையா. கணுக்காலில் அட்டை ஏறியிருக்கிறது. பிடுங்காதீர்கள். பிடுங்கினால் பல் உள்ளே நின்றுவிடும், அப்புறம் நமைச்சல் லேசில் போகாது. என் மடியில் சுண்ணாம்பு இருக்கிறது, தொட்டு வைத்தால் தானாகச் சுருண்டு விழும். என் கையில் விலங்கு இருப்பதால் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

சொல்கிறேன். மறைக்க ஒன்றும் இல்லை. போடி மெட்டுக்கு மேற்கே, எல்லைக்கு அந்தப் பக்கம் நடந்ததைத் திருவாங்கூர்ப் போலீஸ்தான் விசாரிக்க வேண்டும் என்று தோட்டத்து ரைட்டர் உங்களிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த வழக்கெல்லாம் வேண்டாம். யார் கேட்டாலும் இதையேதான் சொல்லப்போகிறேன்.

பெயர் மொக்கச்சாமி, ஊர் ராசிங்காபுரம். எங்கள் மாடு செத்துப்போன வருசம் நானும் என் அண்ணனும் கமலை வடத்தை நெஞ்சில் மாட்டி இழுத்துத் தண்ணீர் இறைத்தோம். காய்ச்சலோடும் இழுத்திருக்கிறேன். அப்பன் நிறுத்தச் சொல்லவில்லை, வெள்ளாமை காய்ந்துகொண்டிருந்தது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், வேலை செய்து ஒருத்தன் செத்துப்போவான் என்று யாராவது சொன்னால் எனக்கு அது சீக்கிரத்தில் மண்டையில் ஏறாது.

பிறகு மலைக்கு வந்து ஏலத்தோட்டத்தில் கங்காணி ஆனேன். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். மஞ்சு இறங்கிவிட்டால் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறவன் தெரியமாட்டான். யானை நின்றாலும் தெரியாது. அதனால் எங்களுக்குள் ஒரு கட்டு உண்டு. காட்டுக்குள் ஒருத்தர் ‘ஓ…ய்’ என்று கூவினால், காதில் விழுந்தவர் திருப்பிக் கூவ வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியாக இருந்தாலும் சரி, வாயில் வெற்றிலை இருந்தால் துப்பிவிட்டாவது கூவ வேண்டும். பதில் வரவில்லை என்றால் கூடையைப் போட்டுவிட்டு எல்லாரும் தேடிப் போவோம். நான் கங்காணியாக இருந்த இத்தனை வருசத்தில் காட்டில் ஒரு ஆள் தொலைந்ததில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் துரை பட்டாளத்துச் சண்டைக்குப் போய்த் திரும்பினவர். வரும்போது கம்பியில்லாத் தந்திப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். காற்று வழியாகத் தந்தி போகுமாம். பங்களாவுக்குப் பின்னால் இரண்டு பலா மரத்துக்கு நடுவில் செம்புக் கம்பியை இழுத்துக் கட்டினார். ஒருநாள் காதுக் குமிழை என் காதிலும் மாட்டிவிட்டார். பெரிய அலையில் கப்பல்காரன், பட்டாளத்துக்காரன், கவர்மெண்டுக்காரன் எல்லாரும் கீச்சுக் கீச்சென்று அடித்துக்கொண்டிருந்தார்கள். போடிச் சந்தைக்குள் நிற்கிற மாதிரி இருந்தது. பிறகு திருகைத் திருப்பிக் குட்டை அலைக்குக் கொண்டுவந்தார். ஒருத்தரும் இல்லை. ஏல இலையில் சாரல் விழுகிற மாதிரி ஓர் இரைச்சல், எங்கேயோ மின்னும்போது ஒரு பொரிச்சல், அவ்வளவுதான்.

“இது யாருக்கும் வேண்டாம், கங்காணி,” என்றார். “உதவாதுன்னு கவர்மெண்ட் தள்ளிட்டான். ஆசைக்குத் தந்தி அடிக்கிற எங்க மாதிரி ஆளுக்கு, எடுத்துக்கோன்னு கொடுத்தான். அதிலேயும் எல்லாரும் ஒரு மூலையில் கூடிட்டான். நான் பிடிச்சது அதுக்கும் கீழே.”

எனக்கு உடனே புரிந்துவிட்டது. புறம்போக்கு. நஞ்சையைத் தாங்கள் வைத்துக்கொண்டு, கல்லும் கள்ளியுமாகக் கிடக்கிறதை இல்லாதவனுக்குக் காட்டுவார்கள் இல்லையா, வானத்திலும் அப்படித்தான். அந்தப் புறம்போக்கில் இன்னொரு குடிசை இருக்கிறதா என்று கூவிப் பார்ப்பதுதான் துரையின் சோலி. விடியும்போதும் பொழுது இறங்கும்போதும்தான் குட்டை அலை தூரம் போகும் என்றார்.

கூவ மின்சாரம் வேண்டும். அதற்கு ஒரு டைனமோ இருந்தது, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்து, இரண்டு ஆள் நின்று சுற்றுகிற மாதிரி. இரைச்சல் போடும் என்பதால் பங்களாவுக்குத் தள்ளி ஒரு தகரக் கொட்டகையில் வைத்திருந்தார். பங்களாவிலிருந்து கொட்டகைக்கு ஒரு கயிறு, அதன் முனையில் மணி. ஒரு மணி அடித்தால் சுற்ற வேண்டும். இரண்டு மணி அடித்தால் துரை காதைக் கொடுத்துக் கேட்கிறார் என்று அர்த்தம், நிறுத்திவிட்டு மூச்சுக் காட்டாமல் நிற்க வேண்டும். சுற்றுகிற வேகம் குறைந்தால் சத்தம் தளும்பும், தூரத்தில் இருப்பவனுக்கு விளங்காது. காடு வேலை முடிந்து வருகிற ஆட்களைச் சுற்றவைப்பது என் பொறுப்பு.

ஆட்கள் அதற்குக் காத்துச் செக்கு என்று பேர் வைத்தார்கள். வைத்தவன் பேச்சிமுத்து.

அவன் தேவாரத்துக்காரன். அவன் பெண்டாட்டி சோலையம்மாள் முறைக்கு எனக்குத் தங்கச்சி, வயசில் நான் ரொம்ப மூத்தவன் என்பதால் மச்சான் என்னாமல் மாமா என்பான். நல்ல வேலைக்காரன், வாய்தான் நிற்காது. “கம்பியில்லாத் தந்திங்கிறாக, அதுக்கு எதுக்கு மாமா இம்புட்டுக் கம்பி?” என்பான். களை வெட்டுகிற இடத்தில் துரை மாதிரிக் கீக்கீ என்று வாயால் அடித்துக் காட்டுவான். பிறகு காதில் கையை வைத்துக் கேட்டுவிட்டு, “ஒருத்தனும் இல்லத்தா, எல்லாப் பயலும் சந்தைக்குப் போயிட்டான்” என்பான். பொம்பளைகள் கூடையைப் போட்டுவிட்டுச் சிரிப்பார்கள்.

மழைக்காலம் முழுக்கக் கூவினோம். ஒரு பதில் இல்லை. துரை காதுக் குமிழைக் கழற்றி வைத்துவிட்டு, “நத்திங், கங்காணி” என்பார். அந்த நத்திங்கைத் தூக்கிக்கொண்டு நான் ஆட்கள் குடியிருக்கிற லயத்துக்கு நடப்பேன். மெட்டுக் கடையில்கூட, “வானத்துல சேதி உண்டா?” என்று கேட்டுவிட்டுத்தான் வெற்றிலையை நீட்டினார்கள். துரைக்கு அது பொழுதுபோக்கு. எனக்கு அப்படி இல்லை. கூவினால் பதில் வர வேண்டும், அதுதானே முறை. படுத்தால் அந்தச் சாரல் இரைச்சல் காதுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஒருநாள் பேச்சிமுத்து கைப்பிடியில் சாய்ந்துகொண்டு, “அங்கன ஆள் இல்லாம இல்ல மாமா,” என்றான். “எவனாச்சும் கூப்புடட்டும்னு ஒவ்வொருத்தனும் காதத் தீட்டிக்கிட்டு உக்காந்திருப்பான். எல்லாரும் கேட்டுக்கிட்டே இருந்தா எவன் பேசுறது?”

“சோலியப் பாருடா,” என்றேன்.

போன வாரம் துரை ஒரு முடிவுக்கு வந்தார். இந்த வாரத்தோடு கம்பியை அவிழ்த்து, எல்லாரும் இருக்கிற அலைக்கே போகிறேன் என்றார். இத்தனை நாள் சுற்றியது வீண் என்று சொன்ன மாதிரிதான்.

கடைசி நாள் விடியற்காலை. அழகுமலை என்கிற இன்னொரு ஆளுக்கும் பேச்சிமுத்துவுக்கும் முறை. அழகுமலை மூட்டையைக் கட்டிக்கொண்டு மலை இறங்கிப் போய்விட்டான். பேச்சிமுத்து கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தான். மலைக்காய்ச்சல்.

“அண்ணே, தொட்டுப் பாருங்க, கொதிக்குது,” என்றாள் சோலையம்மாள். “இன்னைக்கு ஒருநா விட்டுருங்கண்ணே.”

“சுத்தினா வேர்க்கும், வேர்த்தா காய்ச்சல் விட்டுரும்,” என்றேன்.

பேச்சிமுத்து எழுந்து உட்கார்ந்தான். “விடு புள்ள. இன்னைக்கோட செக்கு ஓயுதுல்ல? மாமாவுக்கு வானத்துல பொண்ணு பாத்துக் குடுத்துட்டு வந்துர்றேன்,” என்று சொல்லிக்கொண்டே வந்தான். தானாக நடந்துதான் வந்தான். நான் கையைப் பிடித்து இழுக்கவில்லை.

கொட்டகைக் கதவைச் சாத்தினேன். டைனமோ இரைச்சல் துரை காதுக்குப் போகக் கூடாது, எப்போதும் சாத்துவதுதான். தாழ்ப்பாள் வெளியே இருக்கிறது. ஆட்கள் நடுவில் ஓடிவிடுகிறார்கள் என்று நான்தான் ஆசாரியைக் கூப்பிட்டு வைத்தேன். அதையும் போட்டேன். ரெண்டு ஆள் சுற்றுகிறதை ஒருத்தன் சுற்றுகிறானே, நானும் ஒரு பக்கம் பிடித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கங்காணி கைப்பிடியைத் தொட்டால் மறுநாள் எவன் மதிப்பான்?

கொஞ்ச நேரம் நன்றாகச் சுற்றினான். பிறகு இரைச்சல் இறங்கியது. பங்களாவிலிருந்து, “ஸ்பீட், கங்காணி, ஸ்பீட்” என்று சத்தம் வந்தது. தாழ்ப்பாளை எடுத்து உள்ளே போனேன். தரையில் கிடந்தான். “மாமா, தண்ணி,” என்றான். அவனைத் தாண்டிப் போய்க் கைப்பிடியைப் பிடித்தேன். பார்க்க ஆள் இல்லாததால் பிடித்தேன். கமலை இழுத்த உடம்பு, ஒருத்தனாகவே வேகத்தைக் கொண்டுவந்துவிட்டேன்.

இரண்டு மணி அடித்தது. நிறுத்தினேன். வழக்கமாகக் கொஞ்ச நேரத்தில் மறுபடி ஒரு மணி வரும். அன்றைக்கு வரவில்லை. பங்களாவில் நாற்காலி விழுகிற சத்தம் கேட்டது. பதில் வந்துவிட்டது, ஏட்டையா.

அந்த நேரம் பார்த்து லயத்துப் பக்கமிருந்து சோலையம்மாள் கூவினாள். ஓ…ய். கீழே கிடந்தவன் பதில் கொடுக்க வாயைத் திறந்தான். முதலில் காற்றுதான் வந்தது. அடுத்த தரம் சத்தமே வந்துவிட்டது. அங்கே துரை காதுக்குள் நூல் மாதிரி ஒரு குரல் வந்துகொண்டிருக்கிறது, இங்கே இவன் கத்தினால் அறுந்துபோகும். ஒரு மழைக்காலத்து வேலை. நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்?

தலைமுண்டாசை அவிழ்த்து அவன் வாயில் வைத்தேன். கோபமாக இல்லை. தலையை ஆட்டித் துப்பினான், அதனால் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினேன். கையால் பிடுங்கப் பார்த்தான், அதனால் அவன் துண்டாலேயே கை இரண்டையும் கட்டினேன். ஒரு மணி அடித்தது. சுற்றினேன். இரண்டு மணி அடித்தது. நின்றேன். இப்படியே மாறி மாறி, பொழுது நன்றாக விடிகிற வரைக்கும். சோலையம்மாள் கூவிக்கொண்டேதான் இருந்தாள். காதில் விழுந்தது. அந்த நேரத்தில் எப்படிக் குரல் கொடுப்பது?

துரை வெறுங்காலோடு முற்றத்துக்கு ஓடிவந்தார். நான் வெளியே வந்தேன். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “நியூசிலாந்து, கங்காணி. கடலுக்கு அந்தப் பக்கம். ஆட்டுப்பண்ணைக்காரன். நம்ம சத்தம் கொஞ்சங்கூட ஆடலைன்னு சொல்றான்.” அப்புறம் சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். அந்த ஆள் மழைக்காலம் முழுக்க எங்களைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தானாம். வேறு யாராவது பதில் சொல்லுவார்கள் என்று சும்மா இருந்துவிட்டானாம்.

எனக்கு அப்போதுதான் கோபம் வந்தது. ஒருத்தன் கூவுகிறான், காதில் விழுகிறது, கேட்டுக்கொண்டே பேசாமல் இருக்கிறான். அவனெல்லாம் ஒரு மனுசனா?

பேச்சிமுத்து சொன்னதுதான் சரி. அதை அவனிடம் சொல்லலாம் என்றுதான் கொட்டகைக்குத் திரும்பினேன். கண் திறந்திருந்தது. முண்டாசுத் துணியை எடுத்து அலசிக் கட்டிக்கொண்டேன். இப்போது என் தலையில் இருப்பது அதுதான்.

சோலையம்மாள் இன்னும் கூவிக்கொண்டிருந்தாள். இனிமேல் சத்தம் போடலாம் என்பதால் நான் பதில் கொடுத்தேன். மஞ்சுக்குள் குரல் யாருடையது என்று தெரியாது. “ஏய்யா, இம்புட்டு நேரம் காது அடைச்சுப் போச்சா?” என்று சிரித்துக்கொண்டே ஏறி வந்தாள். கட்டியிருந்த கையை அவள்தான் முதலில் பார்த்தாள்.

மெட்டில் என்னைப் பிடித்தபோது நான் தப்பி ஓடிக்கொண்டிருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது தப்பு. மசகு வாங்கப் போடிக்கு இறங்கினேன். துரை கம்பியை அவிழ்க்கவில்லை, பொழுது இறங்கும்போது அந்த நியூசிலாந்துக்காரன் மறுபடி வருவான், கைப்பிடி கிறீச்சிடுகிறது.

மற்றபடி பேச்சிமுத்துவை நான்தான் கொன்றேன் என்று நீங்கள் எழுதினால் கைநாட்டு வைக்கிறேன். கூவினவனுக்குக் குரல் கொடுக்காதவன் என்று மட்டும் எழுதாதீர்கள். துணியை வைத்த பிறகு அவன் ஒரு தரங்கூடக் கூவவில்லை, ஏட்டையா. கூவியிருந்தால் பதில் கொடுத்திருப்பேன்.